வெள்ளத்துக்குப் போட்ட பூஜ்யம்

பேச்சுப் பயிற்சி படிக்கும் மாணவிகளுக்குப் பலமொழிச் சூழல் பற்றிய பாடத்தைப் பல வருஷம் நான்தான் எடுத்தேன். ஒடிசாவிலிருந்து செங்கல் சூளைக்கு வந்தவருக்குப் பக்கவாதம் வந்தால் எந்த மொழியில் பயிற்சி கொடுப்பது, யாரை மொழிபெயர்க்கச் சொல்வது என்றெல்லாம் விலாவாரியாகச் சொல்வேன். வேற்றுமை என்பது ரயிலேறி வருவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை மணி நேரத்தில் பஸ்ஸில் வந்து இறங்கும் வேற்றுமை என் கண்ணில் படவே இல்லை.

அப்படி வந்து இறங்கியவர் கேரள எல்லையோரம் களியக்காவிளைப் பக்கத்துப் பெண். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுபவர், ஐம்பது வயதிருக்கும். பக்கவாதத்தில் கைகால் தப்பிவிட்டது, பேச்சு மட்டும் போய்விட்டது. கணவர் கூட்டி வந்திருந்தார். கடைசி வருஷ மாணவி ஒருத்தி படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினாள். நான் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பலாப்பழத்தைக் காட்டியதும் அந்த அம்மாள் திணறித் திணறி, “சக்க” என்றார். துடைப்பத்துக்கு, “வாரியல்”. ஒரு தம்ளர் தண்ணீருக்கு, நெற்றியெல்லாம் வேர்க்க, “வெள்ளம்”. மாணவி மூன்றுக்கும் மதிப்பெண் போட்டாள். நான் மதிப்பெண் தாளை வாங்கி, மூன்றையும் அடித்துப் பூஜ்யம் போட்டேன்.

“எங்க வீட்டிலயும் வெள்ளம்னாக்கும் மேம் சொல்லுவோம்” என்றாள் அவள். மார்த்தாண்டத்துக்காரி.

“உங்க வீட்டுல என்ன சொல்லுவீங்கன்னு நான் கேக்கல. பதில் தாள்ல என்ன போட்டிருக்கு?”

அட்டைகளோடு வந்த அந்தப் பதில் தாள் சென்னையில் தயாரானது. அங்கே வெள்ளம் என்றால் மழைக்காலத்துச் செய்தி. எங்கள் பக்கம் அது தண்ணீர் என்று எனக்குத் தெரியாதா என்ன? நானும் அதே மாவட்டத்துப் பூதப்பாண்டிக்காரி. இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாரும் பலாப்பழம் என்று சொல்வதில்லை, சக்கைதான். ஆனால் படிக்கச் சென்னைக்குப் போன முதல் வாரமே விடுதியில், “நீ மலையாளியா?” என்று கேட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து ஒரே வருஷத்தில் என் பேச்சைத் தேய்த்துக் கழுவிவிட்டேன். அதைத் திறமை என்று நினைத்து மாணவிகளுக்கும் கற்றுக்கொடுத்தேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மூன்று மாதம் வாராவாரம் வந்தார்கள். தண்ணீர், தண்ணீர் என்று சொல்ல வைத்தோம். அந்த அம்மாள் “வெள்...” என்று தொடங்குவார், என் முகத்தைப் பார்ப்பார், வாயை மூடிக்கொள்வார்.

ஒரு நாள் கணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். “வீட்டில இப்ப வெள்ளம் வேணும்னாலும் வாய் தொறக்கமாட்டா டீச்சரே. தப்பாயிப் போவுமோன்னு பேடி. தம்ளரத் தூக்கிக் காட்டுவா, அவ்வளவுதான்.”

பேடி என்றால் பயம். அதுவும் எனக்குப் புரிந்தது. புரிந்தும், “தப்பு எதுன்னு தெரிய ஆரம்பிச்சிருக்கு, நல்ல அறிகுறிதான்” என்று சொல்லி அனுப்பிவைத்தேன். அடுத்த வாரம் அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. கோப்பில் கணவரின் ஃபோன் நம்பர் இருந்தது. நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது என்று எனக்கும் பேடி.

இப்போது என் மாணவிகளுக்குப் பதில் தாளே கிடையாது. படத்தை முதலில் வீட்டாரிடம் காட்டி, “இதுக்கு நீங்க என்ன சொல்லுவீங்க?” என்று கேட்டு எழுதிக்கொண்டுதான் தொடங்க வேண்டும். இதை அன்றைக்கே என்னிடம் சொன்னவள் பட்டம் வாங்கிக்கொண்டு வளைகுடாவுக்குப் போய்விட்டாள். அவளிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை.

வருஷத்தின் முதல் வகுப்பில், பெயரை மறைத்துவிட்டு, அந்த அம்மாளின் கோப்பைப் படிக்கக் கொடுக்கிறேன். கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்தில் இருப்பதை ஒரு மாணவியை உரக்கப் படிக்கச் சொல்வேன். ‘தவறான சொற்களைத் தாமே நிறுத்திக்கொள்கிறார். நல்ல முன்னேற்றம்.’