வீர்ராஜுவும் மேல் போல்ட்டும்

விஜயவாடா ஆட்டோநகரில் வீர்ராஜுவின் ஷெட் சுவரில் நேரான ஸ்பேனர் ஒன்றுகூடத் தொங்கியதில்லை. கைக்கு எட்டாத போல்ட் எதிர்ப்பட்டால் போதும், நல்ல ரிங் ஸ்பேனரை நெருப்பில் காய்ச்சி, அந்த இடுக்குக்குத் தக்கபடி வளைத்துவிடுவார். அந்த வண்டி மறுபடி வருமோ வராதோ, ஸ்பேனர் ஆணியில் ஏறிவிடும்.

தசராவுக்கு ஷெட்டைச் சுத்தம் செய்த மச்சினன் சிம்மாசலம், அத்தனையையும் மூட்டை கட்டிப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு, பளபளவென்று சாக்கெட் பெட்டி ஒன்றை வாங்கி வைத்தான். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. ஒரே ஷெட், ஒரே வீடு. சத்யவதிதான் புருஷனுக்கும் தம்பிக்கும் நடுவே தூது போனாள்.

சங்கராந்தி நெருக்கத்தில் மிளகாய் வியாபாரி கோட்டையா தன் பழைய காரைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்ற வேண்டும். கீழ் போல்ட் சுலபமாக வந்துவிட்டது. மேல் போல்ட்டோ எஞ்சினுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் இறுகிக் கிடந்தது.

வீர்ராஜு ஒரு ஸ்பேனரை வளைத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார். சிம்மாசலம் மேலே நின்று, நீளமான ராடின் முனையில் மடங்கும் ஜாயின்ட்டையும் சாக்கெட்டையும் மாட்டி உள்ளே விட்டான்.

"கோட்டையா அண்ணே, அடியில இருக்கறவர்கிட்ட சொல்லுங்க. அந்தக் கொக்கியால ஒண்ணும் நடக்காது."

கோட்டையா குனிந்தார். "அடியில இருக்கறவரே..."

"காது கேக்குது! மேல நிக்கற துரை போல்ட்டத் தேடுறாரா, இல்ல பாயசம் கிண்டுறாரான்னு கேளுங்க!"

சாக்கெட் உட்காராமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. வீர்ராஜுவின் ஸ்பேனர் உட்கார்ந்தது. பல்லைக் கடித்து இழுத்தார். போல்ட் கிறீச்சென்று கொஞ்சம் அசைந்தது, ஆனால் அதற்குமேல் திருப்ப இடமில்லை. அந்த உலுக்கலில் வண்டியில் வருஷக்கணக்காகப் படிந்திருந்த மிளகாய்த்தூள் அவர் முகத்தில் கொட்டியது. தும்மல்மேல் தும்மல்.

"பாவா! கண்ணத் தேய்க்காதீங்க!" என்று அக்கா புருஷனைப் பார்த்துக் கத்திக்கொண்டு சிம்மாசலம் தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்தான்.

"மெதுவா ஊத்துடா, மூக்குல போவுது!"

முகம் கழுவியதும் வீர்ராஜு மறுபடி வண்டிக்கு அடியில் போனார்; சிம்மாசலம் மேலிருந்து ராடை விட்டான். இரண்டு விரல் நுனியை மட்டும் மேலே நீட்டி சாக்கெட்டைப் பிடித்தார். "இந்தப் பக்கம் சாய்டா... இன்னும்... ஆங், உக்காந்துச்சு. சுத்து!"

போல்ட் வெளியே வந்தது.

"எந்தக் கழுதை இப்பிடி இறுக்குனான்?" என்றான் சிம்மாசலம்.

கோட்டையா தொண்டையைக் கனைத்தார். "போன வருஷம் இங்கதாம்பா மாட்டுனீங்க. கீழ ஒருத்தர், மேல ஒருத்தர். யாரு எங்கன்னு எனக்கு ஞாபகமில்ல."

"நான் கீழதான்!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

மத்தியானம் அவர்கள் வாசலுக்கு வருமுன்பே, மேல் போல்ட்டை இறுக்கியது யார் என்ற சண்டைச் சத்தம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. சத்யவதி காதில் தேன் பாய்ந்தது. இரண்டு தட்டிலும் மீன் குழம்பை ஊற்றினாள்.

"மெதுவா சண்ட போடுங்க. முள்ளு இருக்கு."