ஈர்க்குச்சியும் எடை அட்டையும்

என் கணக்கு நோட்டுகளில் எப்போதும் மை வாடையும் கிரீஸ் வாடையும் கலந்து அடிக்கும். சுரங்கத்துக்கு அடியில் ஊறும் நீரை இறைக்கும் பம்ப் ஹவுஸில் வேலை பார்த்த அப்பா, நீர்மட்டத்தை மிஷின் பேனா சிவப்புக் கோடாக வரைந்த பழைய ‘சார்ட்டு’ச் சுருள்களைக் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுவருவார், அவற்றின் வெற்றுப் பின்பக்கத்தைத் தைத்ததுதான் என் நோட்டு. “மொத்தக் கணக்கு ஆபீசருக்கு. பேனா இப்ப எங்க போவுதுன்னு பாக்குறதுதான் ஷிப்டு வேலை” என்பார். நான் காதில் வாங்கியதே இல்லை.

பதினொன்றாம் வகுப்பில் வளைகோடு வந்து என் உயிரை வாங்கியது. வளைகோட்டின் இரண்டு புள்ளிகளைச் சேர்த்தால் கிடைக்கும் கோட்டின் சரிவு சராசரி மாறுவீதம். ஒரே புள்ளியைத் தொட்டுக்கொண்டு போகும் கோட்டின் சரிவு அந்தக் கணத்தின் மாறுவீதம். ஒரே புள்ளியில் என்ன மாறிவிடும், என்ன அநியாயம் இது என்று புத்தகத்தோடு சண்டை போடுவேன். ஸ்கேலைத் தொலைத்துவிட்டதால் விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்குச்சிதான் எனக்குத் தொடுகோடு.

அப்போது தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அக்கா ஜெயசீலி, மூன்று மாதக் குழந்தை அருளோடு மறுநாள் திருவதிகை மாமியார் வீட்டுக்குக் கிளம்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். கட்டிலில் குழந்தையின் எடை அட்டை கிடந்தது. மாதாமாதம் வைத்த புள்ளிகளை நர்ஸம்மா வளைவாகச் சேர்த்திருந்தார். விளையாட்டாகத்தான் குச்சியை வைத்தேன். பிறந்த நாளிலிருந்து இன்றுவரை வைத்தால் ஜம்மென்று ஏறி நின்றது. கடைசிப் புள்ளியை மட்டும் தொடவைத்தால் படுத்தேவிட்டது. “அம்மா, இங்க வந்து பாரேன்!” என்று கூப்பிட்டேன்.

“ரெண்டரக் கிலோவுல பொறந்தவன் மூணே மாசத்துல அஞ்சு கிலோ ஆயிட்டான். சும்மா கெடடி, கண்ணு வைக்காத!” என்றார் அம்மா.

“போன மாசமே நாலே முக்கால் இருந்தானேம்மா! அப்புறம் கால் கிலோதானே ஏறியிருக்கு!” என்று கத்தினேன். அக்கா அழ ஆரம்பித்தாள்.

ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா குச்சியை வாங்கி, கடைசிப் புள்ளியில் தானே வைத்துப் பார்த்தார். “ஷிப்டு கெடக்குது. சீலி, புள்ளையத் தூக்கிக்கினு வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்” என்றார்.

பத்தியம் என்று அம்மா காய்கறியை நிறுத்தித் தண்ணீரைக்கூட அளந்து கொடுத்ததில் அக்காவுக்குத் தாய்ப்பால் குறைந்திருந்தது. அழத் தெம்பில்லாமல் தூங்கிய பிள்ளையைத்தான் நாங்கள் ‘சமத்து’ என்று கொஞ்சியிருக்கிறோம், பாவிகள்! அக்காவை வயிறாரச் சாப்பிடவும், பிள்ளையை அடிக்கடி எழுப்பிப் பால் கொடுக்கவும் சொன்னார் டாக்டரம்மா. பயணம் ஒரு மாதம் தள்ளிப்போனது. அடுத்த புள்ளி வைத்த அன்று அம்மாவே ஒரு குச்சியை உருவி என்னிடம் நீட்டி, “வச்சிப் பாருடி” என்றார். குச்சி நிமிர்ந்து நின்றது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தக் குவார்ட்டர்ஸை இடித்தாயிற்று. பம்ப் ஹவுஸில் இப்போது கம்ப்யூட்டர்தான், சிவப்பு மையும் இல்லை, சுருளும் இல்லை. அருளுக்கு அரும்புமீசை வந்துவிட்டது. போன வாரம் போன் போட்டு, “சித்தி, ஒரே புள்ளியில எப்படி மாறும்? சும்மா அடிச்சு வுடறாங்க!” என்று சண்டைக்கு வந்தான்.

“உங்கம்மா பீரோவுல உன் எடை அட்டை இருக்கும். அத்த எடுத்துக்கினு, ஒரு ஈர்க்குச்சியோட வாடா” என்றேன்.