ரஹீம் பாய் குடித்ததில்லை

1997 ஜூலை 8, செவ்வாய், காலை 6.40. தொழிற்சாலையில் முதல் ஷிப்ட்டில் பதினோரு பேர் இருந்தோம். காவேரிப்பட்டினத்திலிருந்து போன்: தர ஆய்வாளர் ரஹீம் பாய் போய்விட்டார். "குடிச்சுக் குடிச்சே போயிட்டாரு" என்றான் லேத்தில் நின்ற முனியப்பா. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவன் நான்தான்.

போன வருஷம் அவர் கையில் மைக்ரோமீட்டர் நடுங்கியது. ஒரே ஷாஃப்டை மூன்று முறை அளந்து மூன்று அளவு சொன்னார். நான் உற்பத்திப் பொறியாளன். சரக்குக்காக வெளியே லாரி நிற்கிறது. "ஏன் பாய், காலையிலயே ஏத்திட்டீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். மேலாளரிடம் எழுதியும் கொடுத்தேன். ஐந்து வேளை தொழுகிற மனிதர். கழித்த பாகங்களில் கட்டும் சிவப்பு அட்டையில் தன் பெயரை எழுதிச் சட்டைப் பொத்தானில் கட்டிக்கொண்டார். "தப்பா அளக்குற கருவிய லைன்ல வைக்கக் கூடாது, இன்ஜினீயரு." அப்புறம் மைக்ரோமீட்டரைத் தொடவேயில்லை.

நடையும் தள்ளாடியது. பெங்களூரு ஆஸ்பத்திரிக்குத் துணையாக மேலாளர் என்னையே அனுப்பினார். மூன்றாம் முறை போனபோது டாக்டர் விளக்கினார். மூளையில் ப்ரியான் என்கிற புரதம் தவறாக மடிகிறது. மடிந்தது பக்கத்தில் இருப்பதையும் மடக்குகிறது. இவருக்கு அந்தப் புரதத்தின் மரபணுவிலேயே பிழை. அப்பாவும் அண்ணனும் இதே தள்ளாட்டத்தில் போனவர்கள். மருந்து கிடையாது. பிள்ளைக்கு இறங்கியிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவருக்கு ஒரே மகள், நஸீமா.

திரும்பும்போது பஸ்ஸில், "நாளைக்கே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன் பாய்" என்றேன். முழங்கையை இறுக்கிப் பிடித்தார்.

"வாயத் தொறக்காத. நஸீமாவுக்கு மாப்பிள்ளை பேசிட்டிருக்கோம். என்னைக் குடிகாரன்னே சொல்லட்டும். குடி பிள்ளைக்கு இறங்காதுல்ல?"

முட்டாள்தனம் என்று திட்டினேன். ஆனாலும் ஐந்து மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கேன்டீனில் மற்றவர்கள் அவரைப் பற்றிச் சிரித்தபோதும்.

அடக்கம் முடிந்து திரும்பியதும் நஸீமா என்னை வாசலில் நிறுத்தினாள்.

"அத்தாவோட அண்ணன், பெரியத்தா, எப்படிப் போனாருன்னு பார்த்தவ நானு, அண்ணா. எனக்குத் தெரியாதா? மாப்பிள்ளை வீட்டுல நானே சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"டீயக் குடிச்சாங்க, கிளம்பிட்டாங்க. வடையக்கூடத் தொடல." சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை. "அத்தா குடிச்சாருன்னு சொல்றதுதான் தாங்கல. எழுதுங்கண்ணா. என் பேரைப் போட்டே எழுதுங்க."

அதனால்தான் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு இதை எழுதுகிறேன். பாயிடமிருந்து எனக்கு மிச்சம் அந்த ஐந்து மாதப் பொறுமை. அதுவரை என்னிடம் இல்லாத சாமான்.

இனி:

1. என் புகார் தவறு என்று மேலாளரிடம் எழுதிக் கொடுப்பேன். நகலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவேன்.
2. முனியப்பாவில் தொடங்கி ஒவ்வொருவரிடமும் நேரில் சொல்வேன்.
3. அந்த மரபணுப் பிழை தனக்கும் இருக்கிறதா என்று பார்க்க நஸீமா ரத்தப் பரிசோதனைக்குப் போனால் கூடப் போவேன். போகவில்லை என்றால், ஏன் என்று கேட்க மாட்டேன்.