எதிர் நாற்காலியில் ஒரு மணி நேரம்

எங்கள் பயண நிறுவனத்தில் அவரை எல்லோரும் தேனிலவு மேடம் என்பார்கள். எனக்கு மட்டும் அக்கா. புதிதாகக் கல்யாணமானவர்கள் ஐரோப்பாவுக்குப் போக வேண்டுமென்றால் நேரே அவர் மேசைக்குத்தான் அனுப்புவோம். பக்கத்து மேசை என்னுடையது. விசா விண்ணப்பங்கள் பார்ப்பது என் வேலை. நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அங்கே பேசுவது எல்லாம் இங்கே கேட்கும்.

அக்கா ஐரோப்பாவில் கால் வைத்ததில்லை. விமானத்திலேயே இரண்டு முறைதான் ஏறியிருக்கிறார். "போகாத ஊருக்கு வழி சொல்றதுல இவங்கள மிஞ்ச ஆள் கிடையாது" என்று மேனேஜர் கிண்டல் செய்வார். ஆனால் பதினெட்டு வருடமாகப் போய் வந்தவர்கள் ஒவ்வொருவரையும் உட்கார வைத்துக் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தார். பாரிஸில் எந்த ஓட்டலின் லிஃப்டில் ஒரு ஆளும் ஒரு பெட்டியும்தான் கொள்ளும், வெனிஸில் எந்த விடுதிக்குப் போகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று பாலம் ஏறி இறங்க வேண்டும், பிராகில் எந்தத் தெருவில் காலையில் குப்பை வண்டிச் சத்தம், எல்லாம் அவருக்கு அத்துப்படி.

ஊரைச் சொல்லுமுன் அவர் சில கேள்விகள் கேட்பார். யார் முதலில் எழுந்திருப்பீர்கள்? ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடப்பீர்கள்? கோபம் வந்தால் தனியாக உட்கார இடம் வேண்டுமா? கடைசிக் கேள்விக்கு மாப்பிள்ளைகள் சிரிப்பார்கள். பெண்கள் சிரிக்க மாட்டார்கள். அந்தப் பதிலை வைத்து அக்கா பால்கனி உள்ள அறையா இல்லாத அறையா என்று முடிவு செய்வார்.

அந்த வருடம் மழை விட்ட ஒரு மத்தியானம் ஒரு ஜோடி வந்தது. கல்யாணத்துக்கு இன்னும் ஆறு வாரம். பையன் கலகலப்பானவன். கட்டடங்களுக்கு வரைபடம் போடும் வேலை. வந்ததும் வெனிஸ் வெனிஸ் என்றான். பெண் பல் மருத்துவர். அதிகம் பேசவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெனிஸ்ல எங்க போனாலும் படகுதான். படகு ஒத்துக்குமா உங்களுக்கு?" என்று அக்கா அவளிடம் கேட்டார்.

"ஒத்துக்காது. சின்ன வயசுலேர்ந்தே பஸ்ல போனாக்கூட வாந்தி எடுப்பேன்."

"நீ சொல்லவே இல்லையே" என்றான் பையன்.

"நீங்க கேக்கவே இல்லையே."

அக்கா சிரித்தபடி தாளில் வெனிஸை அடித்துவிட்டார். பாரிஸுக்கு வந்தார்கள். கோபுரம் தெரிகிற அறைதான் வேண்டும் என்று அவன் நின்றான். தெரிகிற அறையில் படுக்கைக்கும் சுவருக்கும் நடுவே நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் நடக்க முடியும் என்றார் அக்கா. கடைசியில் பிராகும் வியன்னாவும் என்று முடிவானது. பிராகில் மணிக்கூண்டுச் சதுக்கத்தில் தங்க வேண்டாம், கூட்டம் நெரியும், பாலம் தாண்டி ஆற்றின் அந்தக் கரையில் தங்குங்கள், காலையில் எழுந்ததும் ஆளில்லாத பாலத்தில் நடக்கலாம் என்றார். அங்கிருந்து வியன்னாவுக்கு ரயில். அந்தப் பெண்ணுக்கு ரயில் ஒத்துக்கொள்ளுமா என்பதையும் கேட்டுக்கொண்டார்.

ஒரு மணி நேரம் ஆனது. பையன் பெயரில்தான் பதிவு போட்டார்கள். எழும்போது அந்தப் பெண், "ரொம்ப நன்றிங்க" என்றாள். அக்கா எல்லோருக்கும் சொல்வதுபோல, "நல்லா இருங்க ரெண்டு பேரும்" என்றார்.

மறுநாள் அவர்கள் அனுப்பிய பாஸ்போர்ட் நகல்களை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்ணின் பாஸ்போர்ட்டில் தாயின் பெயர் என்ற இடத்தில் அக்காவின் முழுப் பெயர் இருந்தது. வேடிக்கையாக இருந்தது எனக்கு.

"அக்கா, நேத்து வந்த பொண்ணோட அம்மாவுக்கும் உங்க பேருதான்" என்று தடுப்புக்கு மேலே எட்டி நகலை நீட்டினேன்.

அக்கா வாங்கிப் பார்த்தார். பிறந்த தேதியில் விரலை வைத்தார். விரல் அங்கேயே நின்றது. பிறகு காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனார். நான் தேடிப் போனபோது மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு மணி நேரம் என் எதிர்லயே உக்காந்திருந்தா. எனக்குத் தெரியல" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

அக்காவுக்குக் கல்யாணமாகி முறிந்தது எனக்குத் தெரியும். குழந்தை இருந்தது தெரியாது. அன்றுதான் சொன்னார். கணவர் அடிக்கிறவர் இல்லை, குடிக்கிறவரும் இல்லை. பேச மாட்டார். ஏதாவது ஒன்று பிடிக்கவில்லை என்றால் மாதக்கணக்கில் பேச மாட்டார். ஒரு தடவை எட்டு மாதம். சாப்பாட்டுத் தட்டை வைத்தால் சாப்பிடுவார், எடுத்தால் எழுந்து போவார். சுவரோடு குடித்தனம் நடத்த முடியாமல், குழந்தை பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு காலையில் அக்கா ஒரு பையோடு வெளியேறினார். மகளுக்கு அப்போது ஏழு வயது. ஒரு வேலையும் ஒரு அறையும் கிடைத்ததும் வந்து கூட்டிப்போய்விடலாம் என்று நினைத்தார். அதற்குப் பதினான்கு மாதம் ஆயிற்று. கோர்ட்டில் யாரோடு இருக்கிறாய் என்று கேட்டபோது குழந்தை அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டது. அதற்குள் கணவருடைய தங்கை அந்த வீட்டுக்கு வந்து குழந்தையை வளர்க்கத் தொடங்கியிருந்தாள். மாதம் ஒரு முறை பார்க்கலாம் என்று தீர்ப்பு. மூன்று மாதம் பார்த்தார். நான்காவது மாதம் குழந்தை, "நீங்க வந்தா அப்பா பேசறது இல்ல. வராதீங்க" என்றது. அந்த வீட்டில் பேச்சு நின்றால் என்ன ஆகும் என்று அக்காவை விட யாருக்குத் தெரியும்? அவர் போகவில்லை. பிறகு அவர்கள் ஊர் மாறிப் போனார்கள்.

"நான் போயிருக்கணும். வாசல்லயாவது நின்னிருக்கணும்" என்றார்.

நான்கு நாள் கழித்து அந்தப் பெண் தனியாக வந்தாள். கையெழுத்துப் போட வேண்டிய படிவங்கள் இருந்தன. அவள் என் பக்கம் வரவில்லை, அக்காவின் எதிரே போய் உட்கார்ந்தாள். நான் எழுந்து போகப் பார்த்தேன். அக்கா கையால் உட்காரச் சொன்னார். அவருக்குத் துணை வேண்டியிருந்தது போல.

"என் தோழியோட டிக்கெட்ல உங்க பேரப் பாத்தேன். உங்களுக்கு என்னை அடையாளம் தெரியுமான்னு பாக்கத்தான் வந்தேன்" என்றாள்.

"தெரியலம்மா."

"ஆமா. தெரியல."

அவள் குரலில் கோபம் இல்லை. பரிசோதனை முடிவைச் சொல்லும் டாக்டர் மாதிரிச் சொன்னாள்.

"மாப்பிள்ளை வீட்டுல நீங்க இல்லன்னு அப்பா சொல்லியிருக்காரு" என்றாள்.

"இல்லன்னா?"

"தவறிட்டீங்கன்னு."

"எப்போ?"

"எனக்கு எட்டு வயசு இருக்கும்போது."

"என்ன ஆச்சாம் எனக்கு?"

"காய்ச்சல்."

அக்கா தலையாட்டினார். "காய்ச்சல்தானே. ரொம்ப இழுத்துக்கிட்டுக் கிடக்காம போயிட்டேன்" என்றார். அந்தப் பெண்ணின் உதடு சிரிக்கப் போவதுபோல் அசைந்தது, பிறகு கண் நிறைந்துவிட்டது. அக்கா மேசை மேல் கையை நீட்டவில்லை. நீட்டினால் அவள் எழுந்துவிடுவாளோ என்று பயந்ததாகப் பிறகு சொன்னார்.

"கல்யாணத்துக்கு உங்களக் கூப்பிட முடியாது."

"தெரியும்."

"வேற ஏஜென்சிக்குப் போயிடலாமான்னு யோசிச்சேன். ஆனா அவருக்கு உங்கள ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அந்த மேடம்தான் பண்ணணும்னு ஒத்தக் கால்ல நிக்கறாரு."

"நானே பண்றேன். யாருக்கும் எதுவும் தெரிய வேணாம்." அக்கா என் பக்கம் திரும்பினார். "இவங்க காகிதத்துல எல்லாம் உன் பேரப் போட்டுடு. என் பேரு எங்கயும் வரக் கூடாது."

அப்படியே செய்தேன். பதினெட்டு வருடத்தில் அக்கா இவ்வளவு பாடுபட்ட பயணம் வேறு இல்லை. அதில் ஒரு தாளில்கூட அவர் பெயர் கிடையாது. பிராக் ஓட்டலுக்கு மட்டும் ஏழு கடிதம் எழுதினார். ஆறு தெரிகிற அறை, இரண்டாவது மாடிக்கு மேல் வேண்டாம், விமான நிலையத்திலிருந்து வரும் காரில் பெண்ணுக்கு முன் இருக்கை. மாப்பிள்ளை போன் செய்து, "மேடம், இவ்வளவு பாத்துப் பாத்துப் பண்றீங்களே" என்றபோது, "எங்க வேலைதானே சார்" என்றார்.

கல்யாணத்தன்று அக்கா வழக்கம்போல வேலைக்கு வந்தார். காலையிலிருந்து நான்கு பேருக்கு ஊர் சொன்னார். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூடி வைத்தார்.

அவர்கள் பிராக் போய் மூன்றாம் நாள் அலுவலகத்துக்கு ஒரு போன் வந்தது. நான்தான் எடுத்தேன். "மேடம் இருக்காங்களா?" என்றது அந்தப் பெண்ணின் குரல். அறை ஜன்னல் மேல்பக்கம் மட்டும் திறந்து சாய்ந்து நிற்கிறதாம், மூட வரவில்லையாம், குளிர்கிறதாம். கணவர் சாப்பாடு வாங்கக் கீழே போயிருக்கிறார். கீழே ஓட்டல் வரவேற்பில் சொல்லியிருக்கலாம். எங்களைக் கூப்பிட்டிருந்தாள்.

அக்கா பார்த்திராத அந்த ஜன்னலை நிதானமாக விளக்கினார். "முதல்ல ஜன்னல் கதவை நல்லா சட்டத்தோட சேத்து அழுத்திக்கோ. கைப்பிடி மேல பாத்து இருக்கா? அழுத்திப் பிடிச்சபடியே அதைக் கீழ கொண்டு வா. பலமா வேணாம், மெதுவா."

"மூடிடுச்சு" என்றாளாம். போனை வைக்கவில்லை. அக்காவும் வைக்கவில்லை. ஆற்றில் அன்னப் பறவைகள் இருக்கின்றன என்றாள். அப்படியா என்றார் அக்கா. சாப்பாடு எப்படி, கால் வலிக்கிறதா என்று கேட்டார். பிறகு அந்தப் பக்கம் கதவு திறக்கும் சத்தம் கேட்டதாம். "சரிங்க மேடம், தேங்க்ஸ்" என்று வேறு குரலில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

"கைப்பிடியச் சொல்லும்போது நீ வா போன்னு பேசிட்டேன். அவ ஒண்ணும் சொல்லல" என்றார் அக்கா.

அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசியது. ஊர் திரும்பியதும் மாப்பிள்ளை மட்டும் ஒரு சாக்லேட் பெட்டியோடு வந்தான். அறை, ரயில், பாலம் எல்லாவற்றையும் புகழ்ந்தான். அவனுக்கு வேறு நாட்டில் வேலை கிடைத்திருந்தது, அடுத்த மாதம் இருவரும் குடிபோகிறார்கள். எழுந்திருக்கும்போது குரலைத் தாழ்த்தி, "அவளுக்கு அம்மா இல்ல மேடம். கல்யாணத்துல அது அவளுக்கு ரொம்பக் குறையா இருந்துச்சு. நீங்க செஞ்சது ஒரு அம்மா செஞ்ச மாதிரி. அதச் சொல்லணும்னுதான் நேர்ல வந்தேன்" என்றான்.

அக்கா மேசையில் இருந்த பேனாவை எடுத்து மூடியைப் போட்டார். "அப்படியா, பாவம். நல்லா பாத்துக்குங்க சார்" என்றார்.

அவன் போன பிறகு அக்கா அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். சாக்லேட் பெட்டியை நான்தான் எல்லோருக்கும் கொடுத்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து அலுவலக எண்ணுக்கு ஒரு படம் வந்தது. பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று தெரிந்தவர்கள் எல்லோருக்கும் மாப்பிள்ளை அனுப்பிய செய்தி. எங்கள் எண்ணும் அவன் போனில் இருந்திருக்கிறது. அக்கா அதை ஒரு பிரதி எடுத்துத் தரச் சொன்னார். பிரிண்டரில் கலர் மை தீர்ந்திருந்தது, கறுப்பு வெள்ளையில்தான் வந்தது. பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டார்.

"மேசையில ஒட்டி வைங்களேன் அக்கா" என்றேன்.

"யாருன்னு கேட்டா என்ன சொல்றது?" என்றார். இரண்டாக மடிக்கப் போனவர், குழந்தையின் முகத்தில் மடிப்பு விழும் என்று, மடிக்காமல் ஒரு புத்தகத்துக்குள் வைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். எதிரே ஒரு புது ஜோடி வந்து காத்திருந்தது.