புலிக்கு முதுகு காட்டியவள்

உலகத்தில் புலியைப் பார்க்காதவர்கள் கோடிப் பேர் இருப்பார்கள். அவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் வருஷா வருஷம் புலிக்கூண்டுவரை போய், புலி வெளியே வந்த நேரத்தில் சரியாக அதே இடத்தில் நின்றுகொண்டிருந்து, அப்படியும் அதைப் பார்க்காமல் வீடு திரும்பியவள் எனக்குத் தெரிந்து வேன் அக்கா ஒருத்திதான். அதற்கெல்லாம் தனித் திறமை வேண்டும்.

சின்னப் பிள்ளைகள் படிக்கிற ஒரு பள்ளிக்கூடத்தின் வேனில் அவளுக்கு வேலை. காலையில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இறங்கி, அழுகிற பிள்ளையை அம்மாவின் இடுப்பிலிருந்து பிய்த்து எடுத்து, வேனுக்குள் உட்கார வைத்து, அவிழ்ந்த ஷூ நாடாவைக் கட்டி, ஒழுகுகிற மூக்கைத் துடைத்து, கவிழ்ந்த தண்ணீர் பாட்டிலை நிமிர்த்திவிட்டுக் கதவை இரண்டு தட்டுத் தட்டுவாள். தட்டினால்தான் வண்டி நகரும். வண்டியை ஓட்டுகிறவர் அவள் வீட்டுக்காரர். வீட்டில் அவர் பேச்சு எடுபடுமா என்பது அவர்கள் குடும்ப விஷயம். வேனில் எடுபடாது.

வருஷத்துக்கு ஒருமுறை பிள்ளைகளை மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துப் போவார்கள். வேன் அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில், மயிலைப் பார்த்து டீச்சர்கள் எல்லாரும் மெய்மறந்து நின்ற நேரத்தில் ஒரு பிள்ளை கம்பிச் சந்தில் நுழைந்து மான்களோடு போய் உட்கார்ந்துகொண்டது. மான்கள் பெரிய மனசு பண்ணி அதை ஒன்றும் செய்யவில்லை. பிள்ளையை மீட்டுக் கொண்டுவந்த பிறகு டீச்சர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் அழுதார்கள். வேன் அக்கா அழவில்லை. அன்றைக்கு ஒரு சட்டம் போட்டாள். எந்தக் கூண்டுக்கு முன்னால் நின்றாலும் எல்லாரும் மிருகத்தைப் பார்க்கட்டும். ஒரு ஆள் மட்டும் கூண்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். நல்ல சட்டம்தான். அந்த ஒரு ஆள் யார் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை, எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

அன்றிலிருந்து யானை வந்தது, அவள் பிள்ளைகளைப் பார்த்தாள். கரடி குட்டிக்கரணம் போட்டது, பிள்ளைகளைப் பார்த்தாள். இதெல்லாம் போகட்டும், யானையும் கரடியும் பெரும்பாலும் வெளியே நிற்கிற ஜீவன்கள், பிள்ளைகளை அடுத்த இடத்துக்கு நகர்த்தும்போது ஓரக்கண்ணால் ஒரு பார்வை கிடைத்துவிடும். புலி அப்படியில்லை. அதற்கு ஏகப்பட்ட பிகு. பின்பக்கத்துக் குகைக்குள்ளேயே கிடக்கும். நினைத்தால் வரும், ஒரு நடை நடக்கும், உள்ளே போய்விடும். அது வந்தது என்பதை வேன் அக்கா பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். வரிசையாக எல்லா வாயும் திறக்கும். யார் யாருக்குப் பல் விழுந்திருக்கிறது, யார் காலையில் பல் தேய்க்கவில்லை என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும். புலி மட்டும் தெரியாது.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், வீட்டுக்காரர் வருஷம் தவறாமல் பார்த்துவிடுவார். அவருக்குப் புலிமேல் ஆசையும் கிடையாது, கோபமும் கிடையாது. வேனை நிழலில் போட்டுவிட்டுத் தூங்குவார், எழுந்து பாத்ரூம் தேடிப் போவார், போகிற வழியில் புலி வந்து நிற்கும். திரும்பி வரும்போது அவளிடம் சொல்வார்.

"பாத்தேன். பெரிய பூனை மாதிரிதான் இருக்கு. கொட்டாவி விட்டுச்சு."

"கொட்டாவியா? வாயத் தொறந்துச்சா?"

"வாயத் தொறக்காம எப்படிடி கொட்டாவி விடும்?"

உடம்பெல்லாம் மச்சம் அந்த மனுஷனுக்கு. கொடுத்து வைத்தவர்களுக்குப் பாத்ரூமுக்குப் போனாலும் புலி வரும்.

பள்ளிக்கூடமே வேண்டாம், நாமே தனியாகப் போவோம் என்று ஒரு தடவை அவரை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். வாரம் பூராவும் திறந்து கிடக்கிற இடம், அவளுக்கு லீவு கிடைத்த அன்றைக்கு அதற்கும் லீவு. பூட்டின கேட்டைப் பார்த்துவிட்டு வந்தார்கள். இன்னொரு தடவை கேட் திறந்திருந்தது, கூட்டமும் இருந்தது, புலிக்கூண்டுக்குப் பக்கத்தில் யாரோ ஒரு பிள்ளை அம்மாவைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தது. அங்கே இத்தனை பெரிய மனுஷர்கள் இருந்தார்களே, ஒருத்தருக்காவது காது கேட்டதா? கேட்காது. கேட்டது இவளுக்குத்தான். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மிருகக்காட்சிசாலை முழுக்க அலைந்து, அம்மாவைக் கண்டுபிடித்து, நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்து பார்த்தால், வீட்டுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருக்கிறார். "இப்பத்தான் உள்ள போச்சு" என்றார். அன்றைக்கு அவருக்கு ராத்திரிச் சாப்பாடு கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது.

அப்படி என்ன புலிமேல் ஆசை என்று நாத்தனார்கூடக் கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள், ஆனால் வேன் அக்கா நிஜமாகவே பதில் சொன்னாள்.

"காலைலேந்து சாயந்தரம்வரைக்கும் நான் பாக்கற உசுரு ஒவ்வொண்ணுக்கும் ஏதாவது வேணும். தண்ணி வேணும், மூக்கு தொடைக்கணும், பட்டன் போடணும். வீட்டுக்கு வந்தா உங்க அண்ணனுக்குச் சட்டை எங்கேன்னு தேடிக் குடுக்கணும். யார்கிட்டயும் எதுவும் கேக்காம, தன் பாட்டுக்கு நடக்கற ஒண்ண ஒரு தடவை நேர்ல பாக்கணும். அவ்வளவுதான்."

நாத்தனார் "அதான், டிவில காட்டறானே அண்ணி" என்றாள். டிவியில் கல்யாணம்கூடத்தான் காட்டுகிறார்கள்.

இந்த வருஷம் பயணத்துக்கு முன்னால் ஒரு சேதி வந்தது. புலிக்கு வயசாகிவிட்டதாம். இந்த மாதத்தோடு அதை ஓய்வுக்கு அனுப்புகிறார்களாம், பார்க்க யாரையும் விடாத இடத்துக்கு. கூண்டில் இனிமேல் ஒட்டகச்சிவிங்கி. அது ஒளிந்துகொள்ள நினைத்தாலும் முடியாது, பாவம். "அதுக்குக்கூட ரிட்டையர்மென்ட் குடுக்கறாங்க" என்று வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார். வேன் அக்காவுக்கு அந்த ஜோக் ரசிக்கவில்லை. இந்தத் தடவை பார்க்காவிட்டால் அவ்வளவுதான், இந்த ஜன்மத்தில் இல்லை. ஒரு மிருகத்துக்காக இப்படித் தவிக்கிறோமே என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

அதனால் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு உதவி கேட்டாள். புதிதாக வந்திருந்த டீச்சர் நல்ல பெண். எதற்கெடுத்தாலும் "கவலையே படாதீங்க" என்பாள். அதைக் கேட்டாலே கவலை வரும்.

"டீச்சர், புலி வரும்போது மட்டும் ரெண்டு நிமிஷம் நீங்க திரும்பி நின்னு பசங்களப் பாத்துக்கறீங்களா? நான் ஒரு பார்வை பாத்துக்கறேன்."

"ஐயோ, இதுக்குப் போயி தயங்குவாங்களா? ரெண்டு நிமிஷம் என்னக்கா, ஆசை தீரப் பாருங்க. கவலையே படாதீங்க."

புலிக்கூண்டுக்கு முன்னால் ஒரு நீளமான நடைபாதை. ஒரு பக்கம் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி, அதற்கு அந்தப் பக்கம் புலியின் ராஜ்யம்: சிமென்ட் தொட்டி, தண்ணீர், நகம் கீறிய ஒரு மரக்கட்டை, பின்னால் குகையின் இரும்புக் கதவு. நடைபாதைக் கோடியில் வெளியே போகிற வழி. வேன் அக்கா பிள்ளைகளைச் சுவரோரமாக உட்கார வைத்தாள். ராக்கெட் என்று அவள் பெயர் வைத்திருக்கிற பையனை மட்டும் நடுவில் உட்கார வைத்தாள், ஓரத்தில் வைத்தால் அவன் இருக்க மாட்டான். பிறகு டீச்சரைக் கண்ணாடிக்கு முதுகு காட்டி நிற்க வைத்துவிட்டு, அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், இத்தனை வருஷம் இந்த நடைபாதையில் நின்றவள், கண்ணாடியை இன்றைக்குத்தான் நேராகப் பார்க்கிறாள். முதுகில் ஏதோ குறுகுறுத்தது. பின்னால் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவள் கண் அவர்கள்மேல் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். தொட்டி, தண்ணீர், கட்டை. தண்ணீர், கட்டை, தொட்டி. புலி வருகிற வழியாகத் தெரியவில்லை.

அப்புறம் இரும்புக் கதவு கிறீச்சென்று மேலே ஏறியது.

"புலி! புலி!" என்று பின்னால் ஒரே கூச்சல். கதவுக்குள் இருட்டு தெரிந்தது. இருட்டுக்குள் ஏதோ அசைந்தது. வேன் அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரத்தில் அவள் தோளோடு ஒரு தோள் இடித்தது. பக்கத்தில் டீச்சர், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீடியோ எடுக்கிறாள்.

"அக்கா, வருது பாருங்க, வருது!"

டீச்சர் இங்கே இருந்தால் அங்கே யார்?

இதை அவள் யோசித்தாள் என்று சொல்ல முடியாது. கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. சுவரோரத்தில் நடுவில் ஒரு இடம் காலியாக இருந்தது. ராக்கெட் நடைபாதைக் கோடியைத் தாண்டிக்கொண்டிருந்தான். வெளியே மிருகக்காட்சிசாலையின் வண்டிப்பாதை. கூண்டு கூண்டாகச் சுற்றிக் காட்டுகிற பேட்டரி வண்டிகள் மணி அடித்துக்கொண்டு போகிற பாதை. வேன் அக்கா ஓடினாள். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவள் அப்படி ஓடுவாள் என்று அவளுக்கே தெரியாது. பாதைக்கு ஒரு முழம் இருக்கும்போது சட்டைக் காலரைப் பிடித்துவிட்டாள். மணி அடித்துக்கொண்டே ஒரு வண்டி அவர்களைக் கடந்து போயிற்று.

"எங்கடா கிளம்பிட்ட?"

"ஒட்டகச்சிவிங்கி பாக்கப் போறேன்."

"அது இன்னும் வரவே இல்லடா, பாவி!"

அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, டீச்சர் விட்டுப்போன இடத்தில், கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பிள்ளைகளை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தாள். எல்லாரும் இருந்தார்கள். எல்லா வாயும் திறந்திருந்தது. ஒரு சத்தம் இல்லை. இடுப்பில் இருந்த ராக்கெட்கூட அவள் தோளுக்கு மேலாக எதையோ பார்த்தபடி வாயைப் பிளந்தான். அவள் திரும்பியிருக்கலாம். நீங்களும் நானும் திரும்பியிருப்போம். அவளால் முடியவில்லை, வண்டி மணி இன்னும் காதில் அடித்துக்கொண்டிருந்தது.

வாய்கள் ஒவ்வொன்றாக மூடின. இரும்புக் கதவு இறங்கிய சத்தம் கேட்டது.

முன்பல் இரண்டும் விழுந்த ஒரு குட்டிப் பெண் எழுந்து வந்து அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, புலி உங்க பின்னாடியே வந்து நின்னுச்சு. கண்ணாடிகிட்ட. எங்களப் பாக்கவே இல்ல. உங்களத்தான் பாத்துச்சு. ரொம்ப நேரம் பாத்துச்சு."

வேன் அக்கா திரும்பினாள். கண்ணாடியில், அவள் தோள் உயரத்துக்கு, அந்தப் பக்கத்திலிருந்து மூச்சுப் பட்ட ஆவி வட்டமாகப் படிந்திருந்தது. அவள் பார்க்கப் பார்க்க அது சுருங்கி மறைந்தது.

டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. "சாரிக்கா, சாரிக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு எதையாவது சொல்லித் தேற்ற வேண்டுமே என்று, "ஆனா யோசிச்சுப் பாருங்க, நாங்கள்லாம் புலியப் பாத்தோம், புலி உங்களப் பாத்திருக்கு! எவ்வளவு பெரிய விஷயம்! வீடியோ இருக்கு, காட்டட்டுமா?" என்றாள்.

"அது பாத்து எனக்கென்ன டீச்சர்?" என்றாள் வேன் அக்கா. "நான் பாக்கணும்னு வந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அதே கையோடு பக்கத்தில் நின்ற பிள்ளையின் மூக்கையும் துடைத்தாள். வீடியோவைப் பார்க்க மாட்டேன் என்றுவிட்டாள்.

வேனில் பிள்ளைகளை ஏற்றி முடித்தபோது வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அவர் இன்றைக்குப் பாத்ரூமுக்குப் போகவில்லை. அவள் பார்க்கட்டும் என்று வண்டியிலேயே இருந்துவிட்டார். அதை அவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

"பாத்தியா?"

"இல்ல."

வழக்கமாக அவர் சிரிப்பார். இன்றைக்குச் சிரிக்கவில்லை. இன்ஜினை நிறுத்தினார். கீழே இறங்கி வந்தார்.

"போ. போய் நில்லு. மூடறவரைக்கும் டைம் இருக்கு, திரும்ப வந்தாலும் வரும். பசங்கள நான் பாத்துக்கறேன். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, பாத்துட்டு வா."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மனுஷன் வாயிலிருந்து அவள் கேட்ட நல்ல வார்த்தைகளில் இதுதான் பெரியது. அவள் அவரைப் பார்த்தாள். புலிக்கூண்டு இருக்கிற திசையைப் பார்த்தாள். அங்கே போக ஒரு நடைதான். பிறகு வேனுக்குள் பார்த்தாள். ராக்கெட் ஜன்னல் கம்பியில் கால் வைத்து ஏறிக்கொண்டிருந்தான். இன்னொன்று வாந்தி எடுக்கப் போகிற முகத்தோடு உட்கார்ந்திருந்தது. தன் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னாலும் அவளால் விட்டுவிட்டுப் போக முடியாது, அவ்வளவுதான். அது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. தெரிந்தது அவளுக்குச் சந்தோஷமாகவும் இல்லை.

"உங்கள நம்பியா? அதுக்கு இதுங்கள அந்தப் புலிகிட்டயே விட்டுட்டுப் போலாம். ஏறுங்க, வண்டிய எடுங்க."

அவர் ஏறினார். அவள் உள்ளே போய், ராக்கெட்டை இறக்கி உட்கார வைத்து, வாந்தி முகத்துக்குக் கீழே ஒரு பை பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கதவைத் தட்டினாள். ஒரு தட்டு தட்டிவிட்டுச் சற்று நின்றாள். வீட்டுக்காரர் அவசரப்படுத்தவில்லை, ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி காத்திருந்தார். பிறகு அவள் இரண்டாவது தட்டும் தட்டினாள்.