வாசற்படி வரைக்கும் ஈரம்

நாகலெட்சுமியைப் பற்றி நோர்வூட் டவுனில் யாரிடம் கேட்டாலும், "த்ரீவீலுக்கு சீட் தைக்கிற குஷன்காரம்மாவா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அடுத்ததைக் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள்: "தொரையோட காரைத் திருடிக்கிட்டு இந்தியாவுக்கு ஓடினானே ஒரு டிரைவரு, அவன் மக." ஐம்பது வருஷமாகப் பேசுகிறார்கள், இன்னும் வாய் வலிக்கவில்லை.

நான் ஜீவராஜ். அவளுடைய தையல் கடைக்குப் பக்கத்தில் டிங்கர் கராஜ் வைத்திருக்கிறேன். நசுங்கிய வண்டியைத் தட்டி நிமிர்த்துவது என் பிழைப்பு. பேய், பிசாசு, செய்வினை என்று எவனாவது என் கராஜுக்குள் வந்து பேசினால் ஸ்பேனரால் அடிப்பேன். அப்படிப்பட்ட நான்தான் இதைச் சொல்கிறேன்.

அவள் அப்பா பழனியாண்டி தேயிலைத் தோட்டத்துப் பங்களா தொரைக்குக் கார் ஓட்டியவர். தொரையின் கார் மற்றவர்கள் கார் மாதிரி இல்லை. நீண்ட மூக்கு, துணிக்கூரை, இரண்டே இரண்டு சீட், கரும்பச்சை நிறம். இங்கிலீஷ் ரேஸ் கார் என்று சொல்வார்கள். அந்தக் காரில் ஏறினால் டிரைவர் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். உள்ளே சேறு படக் கூடாது என்பது தொரையின் சட்டம். ஹட்டன் வரைக்கும், நுவரெலியா வரைக்கும் எந்தக் குளிரிலும் வெறுங்காலால்தான் பிரேக் மிதிப்பார் மனுஷன்.

ஒரு மழைநாள் பின்னேரம் தொரைக்குச் சாமான் எடுத்துவர அந்தக் காரில் போனவர் திரும்பவில்லை. காரும் வரவில்லை. காசல்ரீ நீர்த்தேக்கத்தை ஒட்டிய ரோட்டில் அன்றைக்குப் பல இடங்களில் மண் சரிந்து கிடந்ததால் டயர்த் தடம்கூடத் தெரியவில்லை. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தில் பாதிப் பேர், அரசாங்க ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகக் கோச்சி ரயில் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. "காரை வித்துட்டு தலைமன்னார்ல கப்பலேறிட்டான்" என்றார் தொரை. தொரை சொன்னதைக் கணக்கப்பிள்ளை சொன்னார், கணக்கப்பிள்ளை சொன்னதை ஊர் சொன்னது.

பழனியாண்டியின் மனைவி காளியாயிக்கு அப்போது இருபது வயதுகூட இருக்காது. இடுப்பில் நாகலெட்சுமி கைக்குழந்தை. மாரியம்மன் கோவில் முன்னால் தலையை விரித்துப்போட்டு நின்று, ஒரு பிடி மண்ணை அள்ளித் தூற்றினார். நான் சின்னப் பயலாகக் கூட்டத்தில் நின்று பார்த்தேன். "எங்களை அநாதையா உட்டுட்டுக் கடல் தாண்டிப் போனவன் காலு கரையேறக் கூடாது, ஆத்தா!" அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆனால் தாலியைக் கழற்றவில்லை, பொட்டையும் அழிக்கவில்லை. கேட்டவர்களிடம், "நான் பொட்டை அழிச்சா அவன் நிம்மதியாச் செத்துப்போவான். சாகாமச் சீரழியட்டும்" என்றார். கொழுந்து பறித்தே மகளை வளர்த்தார். மகளைப் பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் தேத்தண்ணி குடித்தார்கள், அப்பனைப் பற்றிக் கேட்டார்கள், எழுந்து போனார்கள். கடைசியில் நாகலெட்சுமி ஒரு தையல் மெஷினை வாங்கிப் போட்டுக்கொண்டு, கல்யாணப் பேச்சையே விட்டுவிட்டாள்.

இந்த வருஷம் மழை ஏமாற்றியது. நீர்த்தேக்கம் வற்றி அடிச்சேறு பாளம் பாளமாக வெடித்தது. அதிலிருந்து ஒரு நீண்ட மூக்கு வெளியே தெரிந்தது. பழைய இரும்பு வியாபாரி நஸீர்தான் மண் தோண்டும் மெஷினைக் கொண்டுவந்து இழுத்து வெளியே எடுத்தார். உள்ளே ஆள் இல்லை, எலும்பு இல்லை, சேறுதான். பார்க்க வந்த கூட்டம் அங்கேயே தீர்ப்பும் சொல்லிவிட்டது. "பார்த்தியா, காரைத் தண்ணியில தள்ளி மறைச்சிட்டுத்தான் கப்பலேறியிருக்கான்."

நஸீர் அதை வெட்டி விற்க இருந்தார். நாகலெட்சுமி தன் சேமிப்பைக் கொட்டி அதை வாங்கிக்கொண்டு வந்து என் கராஜில் இறக்கினாள்.

"உனக்கென்ன பைத்தியமா? இது காரு இல்ல, துரு!" என்று கத்தினேன்.

"அண்ணே, எங்கப்பா இதைத் தள்ளிவிட்டாரா, இதோட போனாரா? எனக்கு அது தெரியணும். வேற ஒண்ணும் வேணாம்."

"அதைக் காரு சொல்லுமா?"

"பிரிச்சா ஏதாச்சும் சொல்லும். பிரிச்சதை நீங்க பூட்டித் தாங்க."

வேலையில் இறங்கினேன். காரின் அடிச்சட்டம் மட்டும் சேற்றுக்குள் புதைந்திருந்ததால் ஓரளவு தப்பியிருந்தது. உடம்புத் தகரத்தில் பாதி கையோடு உதிர்ந்து வந்தது. பழைய இன்ஜினைத் தூக்கிப் போட்டுவிட்டு ஜப்பான் இன்ஜின் ஒன்றைப் பொருத்தினேன். நாகலெட்சுமி தன் கடை வேலையை முடித்துவிட்டு வந்து துரு சுரண்டுவாள். அம்மாவிடம் சொன்னாளா என்று கேட்டேன். சொன்னாளாம். "அந்தச் சனியனை என் கண்ணுல காட்டாத" என்றாராம்.

ஒருநாள் காலையில் கராஜைத் திறந்தேன். டிரைவர் பக்கக் கதவிலிருந்து வாசல் வரைக்கும் சிமெந்துத் தரையில் ஈரக் கால்தடம். வெறுங்கால். ஐந்து விரலும் தெளிவாக விழுந்திருந்தது. வாசற்படிக்கு உட்பக்கம் இரண்டு காலும் சேர்ந்து நின்றிருந்தன. படிக்கு வெளியே பொட்டு ஈரம் இல்லை.

"எவன்டா பூட்டின கராஜுக்குள்ள வந்தவன்?" என்று ரோட்டைப் பார்த்துக் கத்தினேன். பூட்டு நான் போட்டபடிதான் இருந்தது. கூரை ஒழுகியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மழையே இல்லாத வருஷத்தில் கூரை எங்கே ஒழுகும்? துடைத்துவிட்டேன். மறுநாளும் வந்தது. பூட்டை மாற்றினேன், அப்போதும் வந்தது. நீர்த்தேக்கத்துச் சேற்று வாடை அடித்தது. வந்த தடம் மட்டும்தான் இருக்கும், திரும்பிப் போன தடம் இருக்காது. அதைச் சொல்ல என்ன வெட்கம்? பயந்தேன்.

நாகலெட்சுமி பயப்படவில்லை. தடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். தன் காலைத் தூக்கி அதன் பக்கத்தில் வைத்தாள். இரண்டு காலிலும் சுண்டுவிரல் உள்ளே மடங்கியிருந்தது.

"துடைக்காதீங்கண்ணே. அதுவாக் காயட்டும்" என்றாள்.

சீட் வேலை அவளுடையது. இடது பக்க சீட்டைப் பிரித்து வெயிலில் வைத்தாள், இரண்டு நாளில் காய்ந்தது. டிரைவர் சீட்டை எத்தனை வெயிலில் வைத்தும் காயவில்லை. காலையில் தொட்டால் யாரோ நனைந்த உடுப்போடு இப்போதுதான் எழுந்து போனது மாதிரி இருக்கும். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு கத்தரிக்கோலை வைத்தாள். தோல் கிழிந்தது. அடியில் ஸ்பிரிங்குக்கும் தகரத்துக்கும் நடுவில் சேற்றோடு சேர்ந்து இறுகிக் கிடந்தது ஒரு ஜோடி டயர் செருப்பு.

கழுவினோம். டயரை வெட்டிச் செய்த செருப்பு, அடியில் டயரின் கட்டம் கட்டமான பூ அப்படியே இருந்தது. ரப்பருக்கு ஒன்றும் ஆகவில்லை. வார் அறுந்த இடத்தில் செப்புக் கம்பியால் தைத்திருந்தது. நாகலெட்சுமி அதை ஒரு சாப்பிங் பையில் போட்டுக்கொண்டு, "அண்ணே, வாங்க" என்றாள். என் த்ரீவீலில் லயத்துக்குப் போனோம்.

காளியாயி பெரியம்மா தன் ஒற்றை அறைக் காம்பிரா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மகள் பையைக் கவிழ்த்ததும் அவர் கையிலிருந்த முறம் நின்றுவிட்டது. செருப்பை எடுத்தார். திருப்பினார். செப்புக் கம்பியை விரலால் தடவினார்.

"இது நான் தைச்சது."

"சீட்டுக்கு அடியில இருந்துச்சும்மா."

செருப்பை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "செருப்பை உட்டுட்டு எந்த மனுசன் கப்பலேறப் போவான்?" என்றார். "வெறுங்காலோடயா அவரு தண்ணிக்குள்ள கெடந்தாரு?"

ஐம்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து 'அவரு' என்று வந்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். நாகலெட்சுமி கால்தடத்தைப் பற்றியும் சொன்னாள். சொல்லாதே என்று நான் கண்ணைக் காட்டியது அவளுக்குத் தெரியவில்லை.

"எதுவரைக்கும் வருது?" என்று கேட்டார் பெரியம்மா.

"வாசப்படி வரைக்கும்."

"தாண்டலையா?"

"தாண்டலம்மா."

பெரியம்மா தன் வாயிலேயே படார் படார் என்று அடித்துக்கொண்டார். "இந்த வாயி! இந்தப் பாழாப்போன வாயி! கரையேறக் கூடாதுன்னு சொல்லுச்சே!" நாங்கள் இரண்டு பேரும் கையைப் பிடித்தும் நிறுத்த முடியவில்லை. அழுது ஓய்ந்த பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "காரை முடிப்பா, ஜீவராஜ். கார்ல போன மனுசன், கார்லயே வரட்டும்."

முடித்தேன். என் வாழ்நாளில் எந்த வண்டிக்கும் அப்படி வேலை செய்ததில்லை. அதே கரும்பச்சைப் பெயின்ட். நாகலெட்சுமி தைத்த புது சீட், புதுக் கூரை. இன்ஜினும் ஒரே திருகில் பிடித்தது. அவள் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். கார் நகர்ந்தது. முன் டயர் வாசற்படியைத் தொட்டதும் இன்ஜின் நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தால் பூனை மாதிரி ஓடுகிறது, படியைத் தொட்டதும் செத்துப்போகிறது. கார்புரேட்டரைக் கழற்றிப் பூட்டினேன். பெட்ரோல் பைப்பை ஊதினேன். காரை, நஸீரை, ஜப்பான்காரனை எல்லாரையும் திட்டினேன். நான்கு பேரைக் கூப்பிட்டுத் தள்ளினோம். பிரேக் போட்டிருக்கவில்லை, ஆனாலும் வண்டி அசையவில்லை.

"விடுங்கண்ணே. அம்மாவக் கூட்டிக்கிட்டு வாங்க" என்றாள் நாகலெட்சுமி.

கூட்டிவந்தேன். பெரியம்மா நல்ல சேலை கட்டி, பூ வைத்து, பெரிய பொட்டு வைத்திருந்தார். கையில் அந்தச் செருப்பு. கராஜுக்குள் போகவில்லை. வாசற்படிக்கு வெளியே நின்று, செருப்பைப் படிக்கு உட்பக்கம் வெளியே பார்த்த மாதிரி வைத்தார். குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்தார். அன்றைக்குத் தூற்றிய அதே கை. மண்ணைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டார்.

"நான் குடுத்த சாபம் என் தலையோட போகட்டும்" என்றார். பிறகு காரின் டிரைவர் பக்கத்தைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற சாதாரணக் குரலில் சொன்னார்: "செருப்பைப் போட்டுக்குங்க. இது இப்ப தொரை காரு இல்ல. உங்க மக காரு. கரையேறி வாங்க, வீட்டுக்குப் போவோம்."

நாகலெட்சுமி சாவியைத் திருப்பினாள். கார் வாசற்படியை ஏறி இறங்கி ரோட்டில் போய் நின்றது. பெரியம்மா இடது பக்கம் ஏறிக்கொண்டார். நான் கராஜைப் பூட்டத் திரும்பினேன். படியோரம் செருப்பு இல்லை. அவர்தான் எடுத்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டு, த்ரீவீலில் பின்னாலேயே போனேன். பதிவில்லாத கார், போலீஸ் மறித்தால் பேச ஆள் வேண்டுமே.

லயத்துக்குக் கீழே ரோடு முடிகிறது. அங்கிருந்து கருங்கல் படி. நல்ல வெயில், படியெல்லாம் காய்ந்து வெளுத்திருந்தது. பெரியம்மா இறங்கினார். இரண்டு கையும் வெறுமையாக இருந்தன.

"செருப்பு எங்கம்மா?" என்று கேட்டாள் நாகலெட்சுமி.

பெரியம்மா படியைக் காட்டினார். ஒவ்வொரு படியிலும் ஒரு ஈரத் தடம். கட்டம் கட்டமாக டயர்ப் பூ. மேலே பார்த்து ஏறிப்போயிருந்தது. எங்களுக்கு முன்னால் அந்தப் படியில் யாரும் போகவில்லை, இந்த இரண்டு கண்ணால் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பெரியம்மா தடத்தை மிதிக்காமல் ஓரமாக ஏறினார். நாங்களும் அப்படியே ஏறினோம். தடம் அவர் காம்பிரா வாசலைத் தாண்டி உள்ளே போயிருந்தது.

கார்ச் சத்தம் கேட்டு லயத்துச் சனமெல்லாம் வெளியே வந்துவிட்டது. "என்ன காளியாயி, பூவும் பொட்டுமா? யாரு வந்திருக்கா?" என்றாள் பக்கத்துக் காம்பிராக்காரி.

"என் வீட்டுக்காரரு வந்திருக்காரு" என்றார் பெரியம்மா. உள்ளே போய் அந்த ஈரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முந்தானையால் பொட்டை அழுத்தித் துடைத்தார். பிறகு மகளை இழுத்துக் கட்டிக்கொண்டு, புருஷனுக்கு அழ வேண்டிய ஒப்பாரியை அழ ஆரம்பித்தார்.