முந்நூற்று எண்பத்து நான்கு வாக்குகள் அதிகம்

மார்ச் 9. வாக்குப்பதிவு. 388ஆம் சாவடி. வாக்காளர்கள் 1,140. பதிவானவை 702.
மார்ச் 11. எண்ணிக்கை. 351, 289, 58, 4. கூட்டுத்தொகை 702.
மார்ச் 12. மண்டல முடிவு அறிவிப்பு. 351, 289, 58, 388. கூட்டுத்தொகை 1,086.
மார்ச் 20. பாராட்டுப் பத்திரம். 95.26 விழுக்காடு.
ஏப்ரல் 2. அச்சிட்ட தொகுப்பு வந்து சேர்ந்தது. பக்கம் 61, பதினான்காவது வரி.

இரண்டாவது வரிக்கும் மூன்றாவது வரிக்கும் நடுவில் ஒரே ஒரு நாள்தான் இடைவெளி. அந்த இடைவெளியில் பேனா பிடித்திருந்தவர் ஒரு கணக்கு ஆசிரியர். பள்ளிக்கூடத்தில் அவருக்கு வழங்கிய பெயர் அரை மார்க். விடை சரியாக இருந்து, அடியில் இரட்டைக் கோடு போடாமல் விட்டால் அரை மதிப்பெண் போகும். அலகு எழுத மறந்தால் இன்னோர் அரை. முப்பத்து நான்கு ஆண்டுகளில் அவரிடம் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவரை அவர் இன்னமும் சந்தேகப்படுகிறார்.

நாடாளுமன்றத் தேர்தல் வந்தால் ஆசிரியர்களை எண்ணிக்கை வேலைக்கு அழைத்துக்கொள்வது வழக்கம். அந்த மண்டலத்தில் 412 சாவடிகள். ஒவ்வொரு சாவடிக்கும் ஓர் எண்ணிக்கைச் சீட்டு வரும். அதைப் பார்த்து ஒரு பெரிய தாளில் வரிவரியாக ஏற்ற வேண்டும். தாள் மேசையைவிட அகலம். இடக்கோடியில் சாவடி எண், அடுத்து நான்கு வேட்பாளர்களுக்கு நான்கு கட்டங்கள். கண் ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்கு நழுவிவிடக் கூடாது என்பதற்காக, வலக்கோடியிலும் சாவடி எண்ணை இன்னொரு முறை எழுதும்படி ஓர் ஏற்பாடு. தவறு வராமல் தடுக்கும் இந்த யோசனையைப் போன தேர்தலில் எழுதிக் கொடுத்து, மேலிடத்துப் பாராட்டையும் வாங்கியவர் அரை மார்க்தான்.

388ஆம் சாவடியின் முறை வந்தபோது வலக்கோடியில் எழுத வேண்டிய 388ஐ ஒரு கட்டம் முன்னதாகவே, நான்காவது வேட்பாளரின் கட்டத்தில் எழுதிவிட்டார். கோடியில் கட்டம் காலியாக இருக்கக் கண்டு, அங்கேயும் 388 என்று எழுதினார். பிறகு நான்கு எண்களையும் கூட்டி 1,086 என்று போட்டு இரட்டைக் கோடு இழுத்தார். ஓவிய ஆசிரியரும் விளையாட்டு ஆசிரியரும் கூட்டலைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டார்கள். கூட்டலில் ஒரு குறையும் இல்லை.

அந்த நான்காவது வேட்பாளர் அரை மார்க்கின் மைத்துனன், மனைவியின் தம்பி. பூட்டு, சாவி வேலை செய்பவன். தெருவில் எல்லோருக்கும் அவன் சாவி. தெருமுனைத் தண்ணீர்க் குழாய் உடைந்து பதினொரு வாரம் ஒருவரும் எட்டிப்பார்க்காத ஆத்திரத்தில், நேரே போய் வேட்புமனு கொடுத்துவிட்டு வந்தவன். எண்ணும் வேலைக்கு வருகிறவர்கள் நிரப்பும் படிவத்தில், 'இரத்த உறவினர் எவரேனும் போட்டியிடுகிறாரா?' என்று கேட்டிருந்தது. அரை மார்க் யோசித்து, 'இல்லை' என்று எழுதினார். மனச்சாட்சி உறுத்தியதால், 'மனைவியின் தம்பி போட்டியிடுகிறார். அது இரத்த உறவு ஆகாது' என்று அடிக்குறிப்பும் சேர்த்தார். அடிக்குறிப்பைப் படிக்கிற பழக்கம் அந்த அலுவலகத்தில் இல்லை.

முடிவு வெளியானது. ஆளுங்கட்சி 21,306 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தது. சாவிக்கு மற்ற 411 சாவடிகளும் சேர்ந்து கொடுத்தது 117 வாக்குகள். 388ஆம் சாவடி மட்டும் 388. கட்சியில்லாத ஒருவன் முதலிடம் பிடித்த ஒரே சாவடி அது என்று பத்திரிகைகள் பத்தி பத்தியாக அலசின. சிறு வியாபாரிகளின் மௌனக் கோபம் என்றார் ஒரு நிபுணர். பூட்டுச் சின்னம் பெண்களின் பாதுகாப்பு உணர்வைத் தொட்டுவிட்டது என்றார் இன்னொருவர். மூன்றாமவர் ஒரு வரைபடமே போட்டு, இந்த அலை மூன்று ஆண்டுகளுக்கு முன்பே புறப்பட்டுவிட்டதைத் தேதியோடு நிறுவினார். அந்தச் சாவடியின் 95.26 விழுக்காடு வாக்குப்பதிவு நாட்டிலேயே அதிகம் என்று மண்டல அதிகாரிக்குப் பாராட்டுப் பத்திரம் கிடைத்தது. குழாயை ஒரே காலையில் சரிசெய்தார்கள். கேட்காத தெருவிளக்கு இரண்டு வந்தன. எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் உறுப்பினர் படிவத்தோடு வந்து, சாவியின் கடை வாசலில் முக்கால் மணி நேரம் காத்துக் கிடந்தார்.

சாவிக்குத் தலைகால் புரியவில்லை. ஆகஸ்டில் நகர சபைத் தேர்தல். இந்தத் தெரு முழுக்கத் தன் சட்டைப்பையில் இருக்கும்போது ஆறடிக் கடைக்குள் உட்கார்ந்து அரம் தேய்ப்பதா? கைபேசி உறை விற்கிற ஒருவருக்குக் கடையைக் கொடுத்துவிடுவது என்று பேசி முடித்தான். ஏப்ரல் 10, காலை ஒன்பது மணி. அவன் வீட்டில் மூன்று வயிறு நிரம்புவது அந்தக் கடையால்தான்.

ஏப்ரல் 2ஆம் தேதி தேர்தல் முடிவுகளின் அச்சுத் தொகுப்பு வீட்டுக்கு வந்தது. அரை மார்க் எந்த அச்சுப் புத்தகத்தையும் பென்சில் இல்லாமல் திறந்ததில்லை. பக்கம் 61இல் பென்சில் நின்றது. தம்முடைய நோட்டை எடுத்தார். எண்ணிக்கைச் சீட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவர அனுமதி இல்லை என்பதால், எல்லாவற்றையும் தமக்கென்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதில் 4 என்று இருந்தது.

துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவியிடம் போய்ச் சொன்னார்.

"கண்ணாடியைத் துடைச்சுட்டு மறுபடி பாருங்க," என்றாள் அவள்.

"துடைச்சுப் பாத்தாச்சு. நாலுதான்."

"அவனுக்கு வாழ்க்கையில ஒரே ஒரு தடவை மார்க் வந்திருக்கு. பத்தாவதுல முப்பத்தி நாலரை போட்டு, அரை மார்க்ல நிறுத்தி வெச்சீங்க. அப்பவும் அவன் உங்க மச்சான்தான். இப்ப நீங்களாவே அள்ளிக் குடுத்துட்டு, நீங்களாவே புடுங்கணுமா?"

"அள்ளிக் குடுத்தது தப்பு."

"அரை மார்க்கா கொறைக்கிறீங்க? முந்நூத்தி எண்பத்தி நாலுங்க!"

அவர் கண்ணாடியை மறுபடி துடைத்தார். அவள் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "பத்தாந்தேதி கடையைக் குடுக்கறான்," என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப சீக்கிரம் எழுதுங்க," என்றாள்.

மறுநாளே மண்டல அதிகாரிக்கு எழுதினார். நான்கு நாள் பார்த்தார், பதில் இல்லை. ஏப்ரல் 7, திங்கட்கிழமை, நேரே மண்டல அலுவலகத்துக்குப் போனார். அதிகாரியின் தலைக்குமேல் சுவரில் பாராட்டுப் பத்திரம் கண்ணாடிச் சட்டத்துக்குள் மின்னிக்கொண்டிருந்தது.

"சார், அந்த 95.26 தப்பு. 61.58தான் சரி," என்றார் அரை மார்க்.

"மெதுவா பேசுங்க. ஃப்ரேம் போட்டாச்சு."

"நான்தான் தப்பா எழுதினேன். சாவடி எண்ணை ஓட்டுக் கட்டத்துல போட்டுட்டேன்."

"மூணு பேர் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. மூணு பேருமா தப்பு?"

"மூணு பேரும் கூட்டலைத்தான் பாத்தோம். கூட்டல் சரி."

"அப்புறம் என்ன? கூட்டல் சரி, ஜெயிச்சவர் ஜெயிச்சுட்டார், தோத்தவங்க ஒத்துக்கிட்டாங்க. இருபத்தோராயிரத்துச் சொச்சம்..."

"21,306."

"அந்தக் கடல்ல நீங்க ஒரு டம்ளர் தண்ணியைத் தூக்கிட்டு வந்து நிக்கறீங்க. ஒரு பேராசிரியர் இதை வெளிநாட்டுல போய்ப் பேசிட்டு வந்துட்டார் சார். அவர் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

"விதின்னு ஒண்ணு இருக்குல்ல சார்?"

விதி என்றதும் அதிகாரியின் முகம் தெளிந்தது. புத்தகத்தைப் புரட்டினார். "இருக்கு. அறிவிப்பு வந்து முப்பது நாளைக்குள்ள, பாதிக்கப்பட்ட வேட்பாளர் மட்டும் மனு குடுக்கலாம். நீங்க வேட்பாளரா?"

"இல்ல."

"அப்ப அவர் வந்து, எனக்கு ஓட்டு அதிகமா வந்துடுச்சு, நான் பாதிக்கப்பட்டுட்டேன்னு எழுதிக் குடுக்கட்டும். பதினொண்ணாந்தேதி வரைக்கும் டைம் இருக்கு. நானும் இருபத்தெட்டு வருஷமா இருக்கேன், அப்படி ஒரு மனுவைப் பாத்ததில்ல."

மறுநாள் பள்ளிக்கு அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அரை மார்க் மைத்துனனின் கடைக்குப் போனார். சுவரில் பல் வெட்டாத வெற்றுச் சாவிகள் வரிசையாகத் தொங்கின. பாதிச் சாமான்கள் பெட்டிக்குள் போயிருந்தன. சாவி கடைசியாக ஒரு வேலையை முடித்துக்கொண்டிருந்தான். பிடியில் இறுக்கிய சாவியின்மேல் அரம் போய்ப்போய் வந்தது.

"வாங்க மாமா. ஸ்டூல் ஒண்ணுதான் மிச்சம். நீங்க உக்காருங்க."

அவர் உட்காராமல் நோட்டை விரித்துக் காட்டினார்.

"என்ன இது?"

"நாலு."

"எது நாலு?"

"உனக்கு விழுந்தது."

சாவி சிரித்தான். "தொடக்கத்துலேர்ந்தே என் மேல ஒரு கண்ணு மாமா உங்களுக்கு." பிறகு நோட்டை வாங்கிப் பார்த்தான். அவருடைய எண்களை அவன் பள்ளி நாட்களிலிருந்தே அறிவான். அந்தக் கையெழுத்தில் ஒரு நான்கு எழுதப்பட்டிருந்தால், அது நான்குதான். சிரிப்பு நின்றது. அவர் நடந்ததைச் சொன்னார், கட்டம் கட்டமாக.

"அப்ப அந்தக் குழாய்?"

"அது நெசம். தப்பான கணக்கைப் பாத்து சரியான வேலையைச் செஞ்சுட்டாங்க."

"தெருவுல எல்லாரும் உனக்குத்தான் போட்டேன், உனக்குத்தான் போட்டேன்னு கையைப் புடிச்சுக் குலுக்கினாங்களே! நான் எண்ணிக்கிட்டே வந்தேன் மாமா. இதுவரைக்கும் நானூத்திப் பத்துப் பேர்."

"வந்ததாச் சொன்னதே முந்நூத்தி எண்பத்தெட்டுதான். நானூத்திப் பத்து வந்தப்பவே உனக்குச் சந்தேகம் வந்திருக்கணும் மச்சான்."

சாவி அரத்தை எடுத்தான். மீதமிருந்த இரண்டு பற்களையும் வெட்டி, தூளை ஊதி, விரலால் தடவிப் பார்த்து, சாவியைக் கீழே வைக்கும்வரை அவர் காத்திருந்தார்.

"அந்த நாலு யாரு?" என்று கேட்டான்.

"ரகசிய வாக்கெடுப்பு. கேக்கக் கூடாது."

"நான் ஒண்ணு. என் வீட்டுக்காரி ரெண்டு. அக்கா மூணு. நீங்க?"

"எனக்குத் தபால் ஓட்டு. இந்தச் சாவடிக் கணக்குல வராது."

"வந்தாலும் போட்டிருக்க மாட்டீங்க."

அரை மார்க் வெற்றுச் சாவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நாலாவது ஆளு வெளியாள்," என்றான் சாவி. சொல்லும்போதே அவன் குரல் மாறியது. "சொந்தமில்ல, பந்தமில்ல, ஜெயிக்க மாட்டான்னு தெரியும். ஆனாலும் வரிசையில நின்னு எனக்குன்னு ஒருத்தர் போட்டிருக்காங்க. உனக்குத்தான் போட்டேன்னு அந்த ஆளு எங்கிட்ட வந்து சொல்லிக்கக்கூட இல்ல மாமா. சொன்னவங்க எல்லாம் போடாதவங்க." பேனாவுக்குக் கை நீட்டினான். "எங்க போடணும்?"

அவர் தயாராக எழுதிவந்த மனுவை நீட்டினார். சாவி உரக்கப் படித்தான்: "'எனக்குக் கிடைத்ததாக அறிவிக்கப்பட்ட வாக்குகளில் 384 எனக்குக் கிடைக்கவே இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' இப்படி மனு குடுத்த மொத ஆளு நானாத்தான் இருப்பேன்."

"தேதியும் போடு. போடலைன்னா..."

"அரை மார்க் போயிடும். தெரியும்."

ஏப்ரல் 9ஆம் தேதி மனு முத்திரை வாங்கியது. 10ஆம் தேதி காலை ஒன்பது மணிக்குக் கைபேசி உறைக்காரர் வந்தார். கடை கிடைக்காது என்று தெரிந்து ஒரு பாட்டம் சத்தம் போட்டுவிட்டு, தன் சரக்குப் பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்குச் சாவிக்கு அதுதான் முதல் வியாபாரம். நகர சபைத் தேர்தல் வந்தது, போனது. அவன் வேட்புமனு கொடுக்கவில்லை. கடைக்கு யார் வந்தாலும், இவராக இருக்குமோ, அவராக இருக்குமோ என்று ஒரு முறை முகத்தைப் பார்ப்பான். யாரென்று தெரியாததால் எல்லோருக்கும் வேலை ஒரே சுத்தமாக நடந்தது. இரண்டு தெரு தள்ளியிருந்துகூட ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

நகர சபைத் தேர்தலுக்கு முன்பே, ஜூன் 1ஆம் தேதி, துணி மடித்துக்கொண்டே மனைவி சொன்னாள்: "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. தம்பிக்கு நான் ஓட்டுப் போடலீங்க."

அரை மார்க் செய்தித்தாளைத் தாழ்த்தினார்.

"பயமா இருந்துச்சு. தப்பித்தவறி ஜெயிச்சுத் தொலைச்சா கடையை மூடிடுவானே! அதான் ஆளுங்கட்சிக்குப் போட்டுட்டு வந்தேன்."

அவருக்குக் கணக்கு உடனே ஓடியது. நான்கில் இரண்டு போக, வெளியாள் இரண்டு. மைத்துனனின் கணக்கில் ஒன்று குறைகிறது. அவன் கேட்டால் துள்ளிக் குதிப்பான். அப்புறம் அக்காவின் முகத்தை வேறு மாதிரி பார்ப்பான். நோட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்தார். பென்சிலைச் சீவினார். ஓரத்தில், 'வெளியாள் 1' என்று எழுதியிருந்ததை வெகுநேரம் பார்த்தார். பிறகு பென்சிலை அதன் இடத்தில் வைத்துவிட்டு நோட்டை மூடினார். முப்பத்து நான்கு ஆண்டுகளில், தெரிந்தே அவர் திருத்தாமல் விட்ட ஒரே எண் அது.

மனுவுக்கு மூன்று நினைவூட்டல்கள் போயின: ஜூன் 16, ஜூலை 21, ஆகஸ்ட் 25. இறுதிப் பதில் பதிவுத் தபாலில் வந்தது. மைத்துனன் பெயருக்கு வந்ததை அவனே அவரிடம் கொண்டுவந்து கொடுத்தான். அதில் இப்படி இருந்தது:

'தங்கள் மனு விரிவாகப் பரிசீலிக்கப்பட்டது. மனுவில் கண்டவாறு 388, 4 ஆகிய இரு எண்களும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று ஏறியிருப்பது உறுதி செய்யப்பட்டது. அறிவிக்கப்பட்ட வாக்குகளை மாற்ற விதியில் இடமில்லை. சாவடி எண்ணை மாற்ற இடமுண்டு. ஆகவே தங்கள் சாவடி இனி 4ஆம் சாவடி எனத் திருத்தப்படுகிறது. தங்களுக்குக் கிடைத்த வாக்குகள் 388 என்பதில் மாற்றமில்லை. தவறைச் சுட்டிக்காட்டியமைக்கு நன்றி. இத்துடன் இப்பொருள் முடித்து வைக்கப்படுகிறது.'

"இப்ப எனக்கு எத்தனை மாமா?" என்றான் சாவி.

"நாலு," என்றார் அரை மார்க். கடிதத்தின் மேல் ஓரத்தில், எல்லாக் கடிதங்களிலும் எழுதுவதுபோல, வந்து சேர்ந்த நாளைப் பென்சிலால் குறித்தார்.

செப்டம்பர் 23, செவ்வாய்க்கிழமை.